இலண்டன் விலாங்கு–பைக் கடைகள்: கட்டட அமைப்பும் உள்ளக ஒழுங்கும்

ஆய்வுச் சுருக்கம்

இலண்டனின் கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகளில் உழைக்கும் மக்களுக்காக எழுந்த விலாங்கு–பைக் கடைகளின் உள்ளக அமைப்பை இக்கட்டுரை ஆராய்கிறது. உணவின் மீதிருந்த ஐயத்தை நீக்குதல், விரைந்து பரிமாறுதல் ஆகிய இரு தேவைகளைக் கொண்டு இவ்வமைப்பை விளக்கலாம் என்பது இதன் கருதுகோள். கட்டடம் சட்டத்தால் காக்கப்பட்டு, அதற்குரிய உணவு அங்கிருந்து நீங்கும் நிலையில் மரபாக எஞ்சுவது எது என்ற வினாவும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உணவுப் பண்பாடு, உள்ளக அமைப்பு, பீங்கான் ஓடு, விலாங்கு, மரபுக் காப்பு.

முன்னுரை

‘பை’ என்பது இறைச்சியை உள்ளே வைத்து மூடிச் சுடப்படும் மாவுப்பண்டம். கொத்திய மாட்டிறைச்சி நிறைத்த பையுடன் மசித்த உருளைக்கிழங்கையும், ‘லிக்கர்’ எனப்படும் பசுநிறக் குழம்பையும் சேர்த்து உண்பது இலண்டன் உழைப்பாளர் வழக்கு. லிக்கர் என்ற பெயர் இருப்பினும் அது மதுவன்று. விலாங்கு வெந்த நீரில் பார்சுலி இலை சேர்த்து ஆக்கப்பட்ட குழம்பு. வேகவைத்த விலாங்கும், கூழ்போல் உறையவைத்த விலாங்கும் இக்கடைகளின் பிற உணவுகள். இவ்வுணவு பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் சுவையையே பேசுகின்றன. அது உண்ணப்பட்ட இடமும் ஒரு சான்றாவணமாக வாசிக்கத்தக்கது.

தெருவிலிருந்து கடைக்கு

19ஆம் நூற்றாண்டின் நடுவில் பையும் சூடான விலாங்கும் தெரு வணிகர்களால் விற்கப்பட்டன. ஹென்றி மேயூ 1851-இல் வெளியிட்ட ‘இலண்டன் உழைப்பும் இலண்டன் ஏழைகளும்’ என்னும் நூல் இவ்வணிகர்களை விரிவாகப் பதிவு செய்கிறது. பை விற்போரைக் கண்டதும் மக்கள் பூனைபோலவும் நாய்போலவும் ஒலியெழுப்பிக் கேலி செய்தனர் என்ற செய்தி அதில் உள்ளது. மாவுக்குள் மறைந்திருக்கும் இறைச்சி எதனுடையது என்ற ஐயமே அக்கேலியின் பொருள். பைக்கடைகள் பெருகியதால் தெரு வணிகம் நலிந்தது என்பதும் அந்நூலில் பதிவாகியுள்ளது. உணவுக் கலப்படத்திற்கு எதிராக 1860-இலும் 1875-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. கடைகளின் உள்ளகம் உருப்பெற்ற சூழல் இதுவே.

உள்ளக உறுப்புகள்

இன்றுள்ள பைக்கடைகளுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது டவர் பிரிட்ஜ் சாலையிலுள்ள மான்சே கடை. 1892-இல் இராபர்ட் குக் தொடங்கிய இதனை 1902-இல் மிகேலே மான்சே ஏற்றார். இத்தாலியின் ரவெல்லோ ஊரிலிருந்து 1878-இல் வந்து, முதலில் பனிக்கட்டி வணிகத்தில் ஈடுபட்ட குடும்பம் அவருடையது. இக்கடையிலும் இதனை ஒத்த பிற கடைகளிலும் காணப்படும் பொது உறுப்புகள் பின்வருமாறு:

சுவர்: வெண்மையும் பச்சையுமான மெருகேற்றிய பீங்கான் ஓடுகள். இவை எளிதில் கழுவத்தக்கவை, அழுக்கை மறைக்காதவை. குறுகி உள்நீண்ட கூடத்திற்குள் ஒளியைப் பரப்பவும் பயன்படுபவை.

மேசை: வார்ப்பிரும்புக் கால்களின்மேல் சலவைக்கற் பலகை. விரிப்பு இன்மையால் ஒரு துடைப்பிலேயே அடுத்தவருக்கு இடம் ஆயத்தமாகும்.

இருக்கை: குறுகிய மரப்பலகை. தனி நாற்காலி இன்மையால் அறியாதவரும் ஒரே பலகையில் அருகருகே அமர்வர். நெடுநேரம் சாய்ந்திருக்க இது இடந்தராது.

தரை: மரத்தூள் தூவும் வழக்கம் இருந்தது. உண்போர் துப்பும் விலாங்கு முள்ளும் சிந்தும் குழம்பும் அத்தூளோடு கூட்டி அகற்றப்பட்டன.

முகப்பு: தெருவை நோக்கித் திறக்கும் சன்னல். இதன் வழியே வழிப்போக்கருக்கு விற்பனை நடந்தது. உயிருள்ள விலாங்குகளைக் கடைமுன் வைத்து, வாங்குவோர் கண்முன்னே வெட்டித் தருவதும் உண்டு.

இவ்வுறுப்புகளை ஒருசேர நோக்கினால், மறைப்பின்மை என்னும் ஒரே பண்பு அவற்றை இணைப்பது புலனாகும். தெரு வணிகரின் கூடைக்குள் என்ன இருந்தது என்பது வாங்குவோருக்குத் தெரியாது. கடையிலோ மீன் கண்முன் வெட்டப்படுகிறது. சுவரும் மேசையும் கறையைக் காட்டிக்கொடுக்கின்றன. ஏழையின் சில காசு உணவுக்கும் சலவைக்கல் மேசை அளிக்கப்பட்டது என்பது இதன் சமூகப் பொருள்.

காப்பும் இழப்பும்

இங்கிலாந்தின் மரபுக் கட்டடப் பட்டியலில் இக்கடைகள் சில இரண்டாம் தரத்தில் இடம்பெற்றுள்ளன. 1929-இல் கட்டப்பட்ட வால்தம்ஸ்டோ மான்சே கடை 2013-இல் சேர்க்கப்பட்டது. ஆயினும் பட்டியல் காப்பது கட்டடப் பொருளையே. அங்கு நிகழும் தொழிலைக் கட்டாயப்படுத்தும் ஆற்றல் அதற்கில்லை. டால்ஸ்டனில் 1910-இல் அமைந்த குக் கடை, விலாங்கு உருவம் பொறித்த ஓடுகளோடும் வண்ணக் கண்ணாடியோடும் பின்னர்ச் சீன உணவகமாயிற்று. 1900-இல் தொடங்கப்பட்ட பிராட்வே மார்க்கெட் குக் கடை, மூக்குக்கண்ணாடி விற்கும் இடமாயிற்று. முன்னதில் உண்ணும் செயலேனும் தொடர்ந்தது; பின்னதில் ஓடுகள் வெறும் அழகுப் பின்னணியாயின.

இம்மாற்றத்திற்குக் காரணங்கள் பல. வாடிக்கையாளரான உழைப்பாளர் குடும்பங்கள் எசெக்ஸ் முதலிய புறப்பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தன. கடைகள் சிலவும் அவர்களைத் தொடர்ந்தன. ஐரோப்பிய விலாங்கு, அழிவின் விளிம்பிலுள்ள உயிரினமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் வகைப்படுத்தப்பட்டுள்ளது. எனவே பழைய கடையை அதன் பழைய உணவோடு முழுமையாக மீட்பது எளிதன்று. இவ்வுணவுக்கே மரபுத் தகுதி வழங்கவேண்டும் என்ற கோரிக்கை 2024-இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது. கட்டடத்தைக் காத்தால் மட்டும் போதாது என்ற உணர்வின் வெளிப்பாடாக இதனைக் கொள்ளலாம்.

முடிவுரை

விலாங்கு–பைக் கடையின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு செயலை முன்னிட்டு அமைந்தது. மரத்தூள் இன்றி முள் துப்பும் வழக்கமும், சன்னல் வணிகம் இன்றி முகப்பும் பொருள் விளங்கா. ஆகவே பழைய உணவுக்கூடங்களை ஆவணப்படுத்துவோர் சுவர், மேசை ஆகியவற்றின் அளவுகளோடு நின்றுவிடலாகாது. யார் எங்கே அமர்ந்தனர், எவ்வளவு நேரம் இருந்தனர், எதைக் கையால் தொட்டனர், எது எப்போது கழுவப்பட்டது என்பனவற்றையும் பதிவு செய்தல் வேண்டும். உணவு நீங்கிய பின்னும் ஓடுகள் நிற்கும். அவை எதற்காக அங்கு பதிக்கப்பட்டன என்பதை அப்பதிவுகளே உணர்த்தும்.