காட்டுக்கும் ஒரு கணக்கெடுப்பு

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நமக்குத் தெரியும். வீடு வீடாக வந்து ஆட்களை எண்ணுவார்கள். அதுபோலக் காட்டுக்கும் ஒரு கணக்கெடுப்பு உண்டு.

இந்திய வன ஆய்வு நிறுவனம் இந்த வேலையைச் செய்கிறது. இது 1981-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இதன் தலைமை அலுவலகம் டேராடூனில் உள்ளது. 1987 முதல் இது நம் நாட்டுக் காடுகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டு வருகிறது.

முதலில், செயற்கைக்கோள் வானத்திலிருந்து படம் எடுக்கும். 100 பங்கு நிலத்தில் 70 பங்கை மரக்கிளைகள் மூடியிருந்தால் அது மிக அடர்ந்த காடு. 40 முதல் 70 பங்கு வரை என்றால் நடுத்தரக் காடு. 10 முதல் 40 வரை என்றால் திறந்த காடு.

ஆனால் படம் எல்லாவற்றையும் சொல்லாது. இரண்டரை ஏக்கர் நிலத்தில் 10 பங்கு மரநிழல் இருந்தாலே அது காட்டுக் கணக்கில் சேரும். மாந்தோப்பும் சேரும். தைல மரத்தோப்பும் சேரும்.

ஆகவே ஆட்கள் காட்டுக்குள் நடந்து போகிறார்கள். எல்லா மரங்களையும் எண்ண முடியுமா? முடியாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் அல்லவா? ஆனால் காடு ஒரே பானைச் சோறு அல்ல. அதனால் பல இடங்களில் சிறு சிறு துண்டு நிலங்களை எடுத்துக்கொள்கிறார்கள்.  அவற்றில் உள்ள மரங்களின் பெயரை எழுதுகிறார்கள். நெஞ்சு உயரத்தில் மரத்தின் பருமனை அளக்கிறார்கள். இளங்கன்றுகள் முளைத்துள்ளனவா என்று பார்க்கிறார்கள். மண்ணையும் சோதிக்கிறார்கள்.

காடுகள் பல வகை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பசுமைமாறாக் காடு. இராஜஸ்தானில் முட்காடு. சுந்தரவனத்தில் அலையாத்திக் காடு. 1968-இல் சாம்பியன், சேத் என்ற இரு வல்லுநர்கள் இந்தியக் காடுகளை 16 பெரும் பிரிவுகளாக வகுத்தார்கள்.

2023-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நம் நாட்டில் காடு 7,15,343 சதுர கிலோமீட்டர். இது 100-க்கு 21.76 பங்கு. மூன்றில் ஒரு பங்கு வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு வனக் கொள்கையின் இலக்கு.

பழங்காட்டை வெட்டிவிட்டு ஒரே வகை மரத்தை நட்டால் என்ன ஆகும்? மரம் வளர்ந்ததும் பரப்புக் கணக்கு சரியாகிவிடும். ஆனால் தேன், கிழங்கு, மூலிகை திரும்பி வருமா? ஆகவே எவ்வளவு காடு என்று மட்டும் கேட்டால் போதாது. என்ன காடு என்றும் கேட்க வேண்டும்.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டை நம்பி வாழும் மக்களின் கிராம சபைக்குத் தன் காட்டைக் காக்கும் அதிகாரம் தந்துள்ளது. கணக்குத் தெரிந்தவர்கள்தான் கேள்வி கேட்க முடியும்.

சிந்தித்துச் சொல்லுங்கள்:

1. செயற்கைக்கோள் படம் இருந்தும் ஆட்கள் ஏன் காட்டுக்குள் போகிறார்கள்?
2. தோப்புக்கும் காட்டுக்கும் என்ன வேறுபாடு?
3. உங்கள் ஊருக்கு அருகில் உள்ள காடு எந்த வகை?