பாடிப் போகிற தம்பியும் பட்டப்படிப்பும்

கேள்வி: ஐயா, மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். தம்பி +2 முடித்திருக்கிறான். ஆறாம் வகுப்பிலிருந்து கபடிதான், ரெய்டர். மாநில ஜூனியர் போட்டி வரை ஆடியிருக்கிறான். சென்னையில் ஒரு கல்லூரி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டும் விடுதியும் இலவசமாகத் தருவதாகச் சொல்கிறது. அவனோ, "மூணு வருஷம் வீணாப் போயிடும்க்கா. டோர்னமென்ட் ஆடிக்கிட்டே புரோ கபடி ட்ரையல்ஸுக்குப் போறேன். வேணும்னா தபால்ல படிச்சுக்கிறேன்" என்கிறான். செஸ் வீரர் குகேஷ் நாலாவதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தித்தானே உலக சாம்பியன் ஆனார் என்று அவன் கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பா இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் நான்தான் குடும்பத்தைப் பார்க்கிறேன். அவனை என்ன செய்யச் சொல்லட்டும்?
ஓர் அக்கா

பதில் (ஓய்வுபெற்ற கல்லூரி உடற்கல்வி இயக்குநர், கபடிப் பயிற்சியாளர்):

கல்லூரியில் சேரட்டும் அம்மா. தபாலில் வேண்டாம், நேரடி வகுப்பில் சேரட்டும். ஆட்டத்தை விடச் சொல்வதாகத் தம்பி நினைத்துக்கொள்ள வேண்டாம். அவன் ஆட வேண்டும் என்றுதான் சேரச் சொல்கிறேன்.

தபாலில் படிப்பவர் பல்கலைக்கழக அணியில் ஆட முடியாது. அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகளில் முழுநேர மாணவருக்கு மட்டும்தான் இடம். அங்கேதான் ஹரியானா பையன்களோடு மேட் களத்தில் நேருக்கு நேர் மோதிப் பார்க்க முடியும். லீக் அணிகளுக்கு ஆள் தேடுகிறவர்களின் கண்ணும் அங்கே இருக்கும். அந்தப் போட்டிகளில் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய சான்றிதழ் மத்திய அரசு விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்குச் செல்லும். மாநில அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயில் 10-ஆம் வகுப்புக்கு ஒரு நிலை, +2-வுக்கு அடுத்த நிலை. அதற்கு மேலே போக, களத்தில் என்ன சாதித்திருந்தாலும் பட்டம் கேட்பார்கள்.

குகேஷ் பற்றி அவன் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அவர் பள்ளியை நிறுத்தினார், 12 வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆனார். எடுத்த முடிவு சரி என்பதற்கான சாட்சி சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது. மருத்துவரான அவருடைய அப்பா தன் தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார். அந்த வீட்டில் தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தது. உங்கள் வீட்டில் தாங்குகிற ஒரே ஆள் நீங்கள். இன்னொன்று, சதுரங்கத்தில் முழங்கால் போகாது.

கபடியில் போகும். என்னிடம் ஆடிய ஒரு ரெய்டர், நல்ல உயரம், போனஸ் எடுப்பதில் கெட்டிக்காரன். ஊர் ஊராக இரவுப் போட்டிக்குக் காசு பேசிக்கொண்டு வெளியூர் பிளேயராகப் போவான். ஒரு திருவிழா ஆட்டம், மண் தரை, மேலே ஃபோகஸ் லைட். நான் கோட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரணியின் கார்னர் ஆட்டக்காரன் கணுக்காலைப் பிடித்தான், இவன் திரும்பினான், பாதம் மண்ணில் அப்படியே நின்றுவிட்டது. மைக் சத்தத்தையும் மீறி 'டப்' என்று கேட்டது. முழங்கால் லிகமென்ட். ஆபரேஷன் செய்து மறுபடி மேட் ஏற ஒன்பது மாதம், ஒரு வருஷம் ஆகும். அவனுக்குப் பணம் புரட்டவே ஒரு வருஷம் ஆனது. அன்றைய ஆட்டத்துக்கு அவனுக்குப் பேசியிருந்தது இரண்டாயிரம் ரூபாய். சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

தம்பி "டோர்னமென்ட் ஆடிக்கிட்டே" என்கிறானே, எனக்குப் பயம் அந்த வார்த்தையில்தான். புரோ கபடி நல்ல வாய்ப்பு, மறுக்க மாட்டேன். சமீபத்திய ஏலங்களில் கடைசிப் பிரிவுக்கே அடிப்படை விலை 9 லட்சம். ஏலத்துக்கு வெளியே புதிய இளம் வீரர்களையும் எடுக்கிறார்கள். ஆனால் 12 அணிகள், அணிக்கு அதிகம் போனால் 25 பேர். மொத்த நாட்டுக்கும் 300 இடம் தேறாது. லீக் நடப்பதும் வருஷத்தில் இரண்டு மூன்று மாதம்தான். ரெய்டருக்கு உடம்பு முற்றி பலம் ஏறுவது இருபதைத் தாண்டித்தான். பதினேழு வயதில் கல்லூரிக்குள் நுழைந்தால் வெளியே வரும்போது இருபது. எதுவும் கைவிட்டுப் போவதில்லை.

இலவச சீட் என்றதும் உடனே தலையாட்டிவிடாதீர்கள். பையனைக் கோப்பைக்காக மட்டும் வாங்கிக்கொண்டு, வகுப்புப் பக்கமே விடாத கல்லூரிகள் உண்டு. மூன்று வருஷம் முடிவில் பை நிறையப் பதக்கம், கூடவே பதினொரு அரியர் என்று நின்ற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். நேரில் போங்கள், பி.டி. சாரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அங்கே படிக்கும் மூன்றாம் வருஷக் கபடிப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, எத்தனை பேப்பர் நிற்கிறது என்று கேளுங்கள். போட்டிக்குப் போன நாளுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) எழுதுகிறார்களா, போட்டியும் தேர்வும் ஒரே நாளில் வந்தால் என்ன செய்கிறார்கள், அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது, ஒரு வருஷம் ஆட முடியாமல் போனாலும் சீட்டும் விடுதியும் நிற்குமா? இதற்கெல்லாம் வாய்ச்சொல் போதாது, எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுங்கள். அங்கே பொதுக் கலந்தாய்வுக்கு முன்னாலேயே சிறப்புப் பிரிவில் விளையாட்டு வீரர்களைக் கூப்பிடுவார்கள்.

பாடம் அவனுக்குப் பிடித்ததாக இருக்கட்டும். விளையாட்டுப் பையன் என்றால் உடற்கல்விதான் என்று யாராவது தள்ளிவிட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டே 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பேட்மின்டன் வெள்ளி வாங்கிய பெண். அவனுக்குக் கணக்கு வருமென்றால் பி.காம். எடுக்கட்டும்.

படிப்புக்கு நடுவில் ஏதாவது அணி கூப்பிட்டால்? தயங்காமல் போகட்டும். ஒரு பருவத் தேர்வு தள்ளிப்போனால் அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் நீங்களும் ஒரு வக்கீலும் படித்துப் பாருங்கள், அம்மா. அடிபட்டால் என்ன என்ற பத்தியை இரண்டு முறை படியுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் அவனுடைய விளையாட்டுச் சான்றிதழ்களை எல்லாம் பாயில் பரப்பி வையுங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் +2 மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். ஓர் இனிஷியல் மாறியதற்காகச் சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பப்பட்ட பையனோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்திருக்கிறேன். பிழை இருந்தால் இப்போதே பழைய பி.டி. சாரைப் பிடித்து, போட்டி நடத்திய சங்கத்திடம் திருத்தி வாங்குங்கள். சங்கத்தில் ஆள் மாறிவிட்டால் அந்தக் கையெழுத்துக்காக மாதக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கும்.