வேண்டாம் என்று சொல்லும் படகுக்காரர்

எங்கள் தூத்துக்குடியில் பனிமய மாதா கோவில் திருவிழா ஆகஸ்ட் 5-ஆம் தேதி. அதற்கு வெளியூரிலிருந்து வரும் சொந்தபந்தம் எல்லாருக்கும் கடைசியில் ஒரே ஆசை வரும்: கடலில் ஒரு சுற்று படகில் போய்வர வேண்டும். ஆசையில் தப்பில்லை. ஆனால் ஆகஸ்ட் இங்கே கச்சான் காற்று அடிக்கும் காலம். வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து சித்தப்பா மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். குழந்தைகளோடு சேர்த்து எட்டுப் பேர். ஊருக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமத்துக்குக் கூட்டிப்போனேன். கரையில் ஒரு பெரியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். படகு கிடைக்குமா என்று கேட்டேன். தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்தார், பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். "இன்னைக்கு வேண்டாம் அண்ணாச்சி. காத்தப் பாத்தியள்லா? இன்னொரு நாளைக்கு வாங்க" என்றார்.

கடல் அப்போது குளம்போலக் கிடந்தது. பெரியவருக்கு மனசில்லை, அதனால் தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்தேன். பக்கத்திலிருந்த ஓர் இளைஞர் வருகிறேன் என்றார். ஏறிவிட்டோம். யாருக்கும் லைஃப் ஜாக்கெட் இல்லை.

கச்சான் மேற்கிலிருந்து வரும் காற்று. கிழக்குக் கரையில் இருக்கும் எங்களுக்கு அது நிலத்திலிருந்து கடலுக்குள் தள்ளும் காற்று. அதனால்தான் கரையோரம் தண்ணீர் அவ்வளவு அமைதியாகத் தெரியும். உள்ளே போகப்போகத்தான் அலை எழும்பும். போகும்போது காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுவதால் படகு வேகமாகப் போகும், நமக்கும் உற்சாகமாக இருக்கும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கை வைக்கும். நாங்கள் திரும்பிய நேரம் பார்த்து, மிதந்து வந்த வலைக்கயிறு ஒன்று புரொப்பல்லரில் சுற்றி எஞ்சின் நின்றுவிட்டது. படகில் நங்கூரமும் இல்லை, துடுப்பும் இல்லை. காற்று படகைக் குறுக்கே திருப்பி உள்ளே கொண்டுபோனது. ஒவ்வோர் அலைக்கும் தண்ணீர் உள்ளே ஏறியது. சித்தப்பா மகனின் சின்னப் பெண் என் கையைப் பிடித்திருந்த பிடி இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அரை மணி நேரத்தில் ஒரு வள்ளம் வந்து கயிறு வீசி இழுத்துப்போனது. வேண்டாம் என்று சொன்ன அந்தப் பெரியவர் அனுப்பிய வள்ளம். நாங்கள் போனதிலிருந்து அவர் கடலிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லையாம்.

அன்று கற்றுக்கொண்டதை அதற்குப் பிறகு ஏறிய எல்லாத் தண்ணீரிலும் கடைப்பிடித்து வருகிறேன். படகைப் பார்ப்பதற்கு முன் படகுக்காரரைப் பார்க்க வேண்டும். எந்த நேரத்தில் எத்தனை பேர் போனாலும் சரி என்று தலையாட்டுகிறவரிடம் ஏறக் கூடாது. காற்று சரியில்லை, ஆள் அதிகம், இருட்டப் போகிறது என்று வருகிற கூலியைத் தள்ளிவிடத் தெரிந்தவரே நம்பத் தகுந்தவர்.

இந்தக் கரையில் இது புதிய பாடம் இல்லை. இங்கே முத்துக்குளிப்புச் சலாபம் நடந்த காலத்தில், வாடை அடங்கிக் கச்சான் தொடங்காத மார்ச், ஏப்ரல் மாதங்களைத்தான் அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள். பின்னிரவில் கரைக்காற்றைப் பிடித்துச் சிப்பி கிடக்கும் பாருக்குப் போவார்கள், கடற்காற்று எழும்பியதும் அதைப் பிடித்துத் திரும்புவார்கள். காற்றோடு சண்டை போட்டவர் யாருமில்லை. குளிப்பவர் கல்லைக் கட்டி இறங்க, மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று ஊரில் சொல்வதுண்டு. தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்க மாட்டான் என்பது அதற்குச் சொல்லும் காரணம். 1961-க்குப் பிறகு இங்கே சலாபம் நடக்கவில்லை. ஆனால் கயிறு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி, வாடகைப் படகில் கால் வைக்கும் ஒவ்வொருவருக்கும் இன்றும் உண்டு.

என் தாய்மாமா பழைய துறைமுகத்தில் தோணித் தண்டலாக, அதாவது தோணியின் தலைவராக இருந்தவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போனவர். கச்சான் உச்சத்தில் இருக்கும் மாதங்களில் தோணிகள் கரையில் கிடக்கும். அத்தனை பெரிய மரக்கலமே ஒதுங்கி நிற்கும்போது ஒரு பைபர் படகில் பிள்ளைகளை ஏற்றி நாம் என்ன சாதிக்கப் போகிறோம்? வீட்டை விட்டுக் கிளம்பும்போதே மாமா கேட்பார்: "துறைமுகத்துல கூண்டு ஏத்திருக்கானா?" புயல் எச்சரிக்கைக் கூண்டைத்தான் கேட்கிறார். முதல் எண் கூண்டு என்றால் புயல் எங்கோ தூரத்தில்தானே என்று பலர் அலட்சியமாக இருப்பார்கள். உல்லாசப் பயணத்தை ஒத்திவைக்க ஒன்றாம் எண்ணே போதும்.

காலம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. 2014 பிப்ரவரியில் மணப்பாடு கடலில் மீன்பிடிப் படகு கவிழ்ந்து, சுற்றுலா வந்தவர்கள் பலர் இறந்துபோனார்கள். பிப்ரவரி எங்கள் கடல் பொதுவாக அடங்கும் காலம். மீன்பிடிக்கப் பதிவான படகு வலைக்கும் மீனுக்கும் கட்டப்பட்டது. அதில் பாரம் அடியில் கிடக்கும். மனிதர்களை ஏற்றினால் பாரம் மேலே உட்காரும், சமயத்தில் எழுந்தும் நிற்கும். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று ஜலகன்யகா என்ற படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்ததும் அதற்கு ஒரு காரணம். தானூரில் 2023 மே 7 அன்று 22 பேர். மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி, அளவுக்கு மேல் ஆளேற்றி, பொழுது சாய்ந்தபின் ஓட்டியிருக்கிறார்கள். இவை இரண்டும் கடலில்கூட நடக்கவில்லை. ஒன்று ஏரி, மற்றொன்று ஆற்று முகத்துவாரம்.

அதனால் நான் இப்போது செய்வது இதுதான். எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறேன். குழந்தையையும் ஓர் ஆளாகவே எண்ணுகிறேன். லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டிப் பட்டியை இழுத்துப் பார்க்கிறேன். பெரியவர்களுக்கான ஜாக்கெட் சின்னப் பிள்ளைக்குத் தண்ணீரில் தலைவழியாகக் கழன்றுவிடும், சின்ன அளவு இல்லையென்றால் அந்தப் பிள்ளையோடு நானும் கரையில் நின்றுவிடுகிறேன். நங்கூரமும் துடுப்பும் எங்கே என்று கேட்கிறேன். வாடகை படகுக்கா தலைக்கா, எவ்வளவு நேரம், முன்பணம் உண்டா என்று ஏறுமுன் பேசிவிடுகிறேன். நடுத்தண்ணீரில் பேரம் பேசினால் ஓட்டுபவரின் கவனம் சிதறும். ஏறியபின் எழுந்து நிற்பதில்லை, செல்ஃபிக்கும்கூட. போவது எப்போதும் காலையில்தான். வெயில் தாழ்ந்தபின் என்ன நடந்தாலும் தேடி வருகிறவருக்கு வெளிச்சம் இருக்காது.

தீவுக்குக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் அப்போதே விலகிவிடுங்கள். வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி எல்லாம் 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சேர்ந்தவை. இந்த மூன்றிலும் இறங்க அனுமதி கிடையாது. கரைந்துகொண்டே வந்த வான் தீவைக் காப்பாற்ற 2015 முதல் கடலுக்கடியில் செயற்கைப் பவளத்திட்டுகளை வைத்திருக்கிறார்கள். ஒரு படகு நங்கூரம் போட்டாலே அடியில் பவளம் உடையும்.

பிறகு எங்கேதான் போவது? ஆகஸ்டில் வருகிறவர்களை நான் குற்றாலத்துக்கு அனுப்புகிறேன். எங்கள் கடலைக் கலக்கும் அதே பருவக்காற்றுதான் அங்கே சாரலாகி வெண்ணமடைக் குளத்தை நிரப்புகிறது. ஐந்தருவி போகிற வழியில் சுற்றுலாத் துறையின் படகுக் குழாம் அந்தப் பருவத்தில்தான் நடக்கும். பிள்ளைகளுக்கு மிதிபடகு போதும். உப்புத்தண்ணீர்தான் வேண்டுமென்றால் ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். பறவை பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அரை நாள் போதாது. பிச்சாவரம் போனால் மோட்டார் படகைத் தவிர்த்துத் துடுப்புப் படகில் ஏறுங்கள். மோட்டார் நுழையாத ஒடுங்கிய கால்வாய்களில்தான் வேர்கள் தலைக்குமேல் பந்தல் போட்டிருக்கும். ஊட்டியும் கொடைக்கானலும் எல்லாருக்கும் தெரிந்தவை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள்.

கன்னியாகுமரியில் கடல் கொந்தளித்தாலோ உள்வாங்கினாலோ விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகை நிறுத்திவிடுவார்கள். வரிசையில் நிற்பவர்கள் சத்தம் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெரியவர் எங்களிடம் சொன்னதைத்தான் அங்கே மைக்கில் சொல்கிறார்கள். தயவுசெய்து அவர்களிடம் கோபப்படாதீர்கள்.

திருவிழாவுக்கு வாருங்கள். மாதாவைக் கும்பிட்டுவிட்டு, தரைவழியாகவே போகக்கூடிய முயல் தீவுக் கடற்கரையில் மணலில் உட்கார்ந்து, துறைமுகத்துக்குள் கப்பல் வருவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கடலில் போக ஆசையென்றால் மார்ச் மாதம் வாருங்கள். சுற்றுலாவுக்கென்று அனுமதி பெற்ற படகாகப் பார்த்து, காலை ஆறு மணிக்குக் கரையில் இருங்கள். அப்போதும் படகுக்காரர் வேண்டாம் என்றால், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போங்கள்.