சார்ஜ் ஏறவில்லையா? குச்சியா, கடையா, சர்வீஸ் சென்டரா?

போனில் சார்ஜ் ஏறவில்லை என்றதும் நம் வீடுகளில் இரண்டு தீர்ப்புகள் உடனே வந்துவிடும். ஒன்று, ‘பேட்டரி போச்சு’. இன்னொன்று, ‘பின் போச்சு’. இரண்டுமே செலவு வைக்கும் தீர்ப்புகள். பெரும்பாலும் போயிருப்பது இரண்டுமே இல்லை. கேபிள் போயிருக்கும், அல்லது சட்டைப் பையிலும் பேன்ட் பையிலும் இருந்து சேர்ந்த பஞ்சு சார்ஜர் செருகும் துளையின் அடியில் இறுகிக் கிடக்கும். இதில் எது உங்கள் கதை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கையில் குச்சியை எடுப்பதா, கடைக்கு நடப்பதா என்ற கேள்வியே வருகிறது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. போனில் இன்னும் பத்துப் பதினைந்து சதவீதம் மிச்சமிருந்தால் அதைத் துளையைக் குடைவதில் செலவழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பையும் போட்டோக்களையும் பேக்கப் எடுத்துவிடுங்கள். அடுத்து என்ன நடந்தாலும் அந்தக் கவலை ஒன்று குறையும்.

குற்றவாளி யார்?

சுவரில் உள்ள சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், போன் கடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அடுத்து வேறொரு கேபிள், வேறொரு அடாப்டர். உங்கள் கேபிளை வீட்டில் உள்ள இன்னொரு போனில் செருகிப் பாருங்கள். அதிலும் ஏறவில்லை என்றால் விஷயம் முடிந்தது, கேபிள் வாங்கினால் போதும். கேபிளின் கழுத்துப் பகுதி, அதாவது செருகிக்குப் பக்கத்தில் வளையும் இடம்தான் முதலில் உள்ளுக்குள் அறுந்துபோகும். வெளியே உறை முழுதாக இருக்கும், பார்த்தால் தெரியாது.

சுத்தமாகத் தீர்ந்துபோன போன் சார்ஜரில் போட்டவுடன் உயிர் பெறாது. அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். எண்பது சதவீதத்தில் நின்றுவிடுகிறது என்றால் அது கோளாறே இல்லை. பேட்டரியின் ஆயுளைக் காக்க போனே அந்த இடத்தில் நிறுத்திவைக்கும் வசதி இப்போது பல போன்களில் உண்டு. வெயிலில் காரின் முன்பலகையில் கிடந்த போனும் சூடு தணியும் வரை சார்ஜ் ஏற்காது.

இவையெல்லாம் இல்லை என்றால் செருகியை நன்றாக அழுத்திச் செருகிவிட்டுப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். டைப்-சி செருகியின் உலோக முனை ஆறரை மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அது முழுக்க உள்ளே போய், பிளாஸ்டிக் கழுத்து போனின் விளிம்பை ஏறக்குறையத் தொட வேண்டும். கேஸ் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள், சில நேரம் கேஸே தடுக்கும். அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் உலோகம் வெளியே மின்னுகிறது, ‘டக்’ என்று உட்காரவில்லை, போனைத் தூக்கினால் கேபிள் நழுவி விழுகிறது என்றால் அடியில் பஞ்சு இருக்கிறது. பீரங்கியில் மருந்தைக் கிட்டிப்பதுபோல, ஒவ்வொரு முறை சார்ஜர் செருகும்போதும் நாமே அந்தப் பஞ்சை அடியில் தள்ளித் தள்ளி இறுக்கிவைத்திருக்கிறோம்.

இன்னொரு அடையாளமும் உண்டு. செருகியை ஒரு பக்கமாகப் போட்டால் ஏறுகிறது, திருப்பிப் போட்டால் ஏறவில்லை. டைப்-சி துளையின் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு இருக்கிறது. அதன் மேலே பன்னிரண்டு, கீழே பன்னிரண்டு, மொத்தம் இருபத்து நான்கு தொடுபுள்ளிகள். மின்சாரம் வரும் வழி நான்கு, திரும்பும் வழி நான்கு. இவை தவிர, ‘இந்தப் பக்கம் ஒரு போன் இருக்கிறது, மின்சாரம் அனுப்பு’ என்று சார்ஜருக்குச் சொல்லும் புள்ளியும் உண்டு. இரண்டு முனையும் டைப்-சி ஆக உள்ள கேபிளில் அந்தச் செய்தி போய்ச் சேராவிட்டால் சார்ஜர் மின்சாரத்தையே விடாது. அதனால்தான் புதிய கேபிளில் அசையாத போன், சார்ஜர் பக்கம் பட்டையான முனை உள்ள பழைய யூஎஸ்பி கேபிளில் மெதுவாகவாவது ஏறுகிற விசித்திரத்தைச் சில சமயம் பார்க்கிறோம். துளையில் அழுக்கு இருக்கலாம் என்பதற்கு அதுவும் ஒரு தடயம்.

துளை சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் கேபிள் லொடலொடவென்று ஆடுகிறது என்றால் போனை நொந்துகொள்ளாதீர்கள். டைப்-சியில் பிடித்துக்கொள்ளும் ஸ்பிரிங்குகள் போனில் இல்லை, கேபிளின் செருகிக்குள் இருக்கின்றன. தேய்வது போனை விட மலிவான கேபிளாக இருக்கட்டும் என்றே அப்படி வடிவமைத்தார்கள். புதுக் கேபிள் போட்டால் சரியாகிவிடும். பழைய ஐபோன்களின் லைட்னிங் துளையில் இது நேர்மாறு, பிடிப்பு போனுக்குள் இருக்கிறது. 2012-ல் ஐபோன் 5-உடன் வந்த லைட்னிங், 2023-ல் ஐபோன் 15 டைப்-சிக்கு மாறும் வரை ஓடியது. அந்தப் போன்களைச் சுத்தம் செய்த பிறகும் ஆட்டம் இருந்தால் கடைக்குத்தான் போக வேண்டும்.

செருகி கச்சிதமாக உட்கார்ந்தும், இரண்டு மூன்று கேபிள் மாற்றியும் துளிகூட அசைவில்லையா? பெரும்பாலும் அது பஞ்சு இல்லை. உள்ளே போர்டிலோ பேட்டரியிலோ கோளாறு இருக்கலாம். பின்பக்கம் உப்பியிருந்தாலும், கருகல் வாசம் வந்தாலும் சார்ஜில் போடவே வேண்டாம், குச்சியும் வேண்டாம். நேராகக் கடைக்கு எடுத்துப் போங்கள்.

எதை வைத்துக் குடைவது?

எல்லோருடைய கையும் முதலில் போவது சிம் எடுக்கும் ஊசிக்கு. போன் டப்பாவிலேயே வருகிறது, மெல்லியதாக இருக்கிறது, துளைக்குள் அழகாகப் போகிறது. ஆனாலும் இருக்கிற தேர்வுகளில் மோசமானது அதுதான். எஃகு முனை ஒரு முறை வழுக்கினால் தொடுபுள்ளியின் தங்க முலாமைச் சுரண்டிவிடும், நெம்பினால் நாக்கே சாய்ந்துவிடும். ஊக்கு, கொண்டை ஊசி, தையல் ஊசி எல்லாம் இதே வகை. இலவசமாகச் சரியாகியிருக்க வேண்டிய போன், போர்டு மாற்ற வேண்டிய போனாக மாறுவது பெரும்பாலும் இந்த ஊசிகளால்தான்.

மரத்தாலான பல்குத்தும் குச்சிதான் என் தேர்வு. ஆனால் அப்படியே பயன்படாது. குச்சியின் உடம்பு இரண்டு மில்லிமீட்டர் தடிமன், டைப்-சி நாக்குக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பிளேடால் முனையை இரண்டு பக்கமும் சீவித் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். தென்னந்துடைப்ப ஈர்க்குச்சியின் மெல்லிய நுனியும் நன்றாக வேலை செய்யும். நன்கு காய்ந்த ஈர்க்கு உள்ளேயே ஒடிந்துவிடும் என்பதால் கொஞ்சம் வளைந்துகொடுப்பதாகப் பார்த்து எடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் பல் இடுக்குப் பிரஷ் பார்க்கப் பொருத்தமாகத் தெரியும். அதன் நடுவில் ஓடுவது கம்பி என்பதை மறக்க வேண்டாம்.

காது குடையும் பஞ்சுக் குச்சி துளைக்குள் போகாது. வம்படியாகத் திணித்தால், எடுக்க வந்த பஞ்சோடு இன்னும் கொஞ்சம் பஞ்சைச் சேர்த்துவிட்டு வெளியே வரும்.

காற்று விஷயத்தில் கேமரா லென்ஸ் துடைக்கும் ரப்பர் பல்ப் ஊதி ஆபத்தில்லாதது. ஆனால் தளர்ந்த தூசியைத்தான் அது கிளப்பும், இறுகிய பஞ்சு அசையாது. வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். சைக்கிள் கடை, பெட்ரோல் பங்க் கம்ப்ரசர் பக்கம் போகவே வேண்டாம். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும், வேகமும் அதிகம்.

திரவம் என்றால் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஒன்றுதான், அதுவும் தொண்ணூற்றொன்பது சதவீதச் சுத்தமானது. பிசுபிசுப்போ பச்சைப் படிவோ இருந்தால் மட்டும் அது தேவை, வெறும் பஞ்சுக்குத் தேவையில்லை. ஜெல் சானிடைசரில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும், அதை ஊற்றாதீர்கள். சென்ட், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் பற்றிச் சொல்லவே வேண்டாம் என்று நினைக்கிறேன். ஆனாலும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

செய்முறை

போனை முழுவதும் அணையுங்கள். துளை தரையைப் பார்த்தபடி பிடித்து, இன்னொரு போனின் டார்ச்சை உள்ளே அடியுங்கள். சுத்தமான துளையின் அடி கறுப்பாகவும் மட்டமாகவும் தெரியும். பஞ்சு இருந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு மெத்து தெரியும், சில நேரம் அது அவ்வளவு சமமாக இறுகியிருக்கும், அதையே அடிப்பகுதி என்று நினைத்து ஏமாறுவோம்.

சீவிய முனையை நாக்கில் படாமல், நீளச் சுவரை ஒட்டி உள்ளே விடுங்கள். மூலையிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக இழுத்து இழுத்து எடுங்கள். உள்நோக்கிக் குத்துவதும் நாக்கின் மேல் சாய்த்து நெம்புவதும் கூடாது. முதல் இரண்டு மூன்று இழுப்பில் ஒன்றும் வராது. பிறகு ஒரு ஓரம் பிடிபட்டதும் கம்பளித் துண்டுபோல மொத்தமாகக் கழன்று வரும். பலருடைய போனிலிருந்து வருகிற அளவைப் பார்த்தால் இத்தனை நாள் எப்படி ஏறியது என்றுதான் தோன்றும். மேல்பக்கம் முடிந்ததும் கீழ்ப்பக்கம். கடைசியில் ரப்பர் ஊதியால் நாலு முறை ஊதிவிட்டு, குச்சியின் சிலாம்பு ஏதும் உள்ளே நிற்கவில்லை என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். ‘டக்’ என்று உட்கார்ந்தால் வேலை முடிந்தது.

லைட்னிங் துளையில் நாக்கு கிடையாது. அதனால் இதே வேலை இன்னும் சுலபம், பின்கள் உள்ள சுவரைச் சுரண்டாமல் இருந்தால் போதும். பட்டன் போன்களிலும் பழைய ஆண்ட்ராய்டுகளிலும் உள்ள மைக்ரோ யூஎஸ்பியின் நாக்கு மிகவும் நோஞ்சான். அங்கே குச்சியைத் தவிர்த்துவிட்டு, ஊதியும் மெல்லிய பிரஷ் மயிரும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரம் என்றால் வேறு வழி

‘ஈரம் உள்ளது’ என்று போன் எச்சரிக்கிறதா? குச்சியைக் கீழே வையுங்கள். துளை கீழே பார்த்தபடி பிடித்து, உள்ளங்கையில் மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் அரை மணி நேரமாவது விடுங்கள். முழுவதும் காய ஒரு நாள்கூட ஆகலாம். ஹேர் டிரையர் வேண்டாம். அரிசிப் பானையும் வேண்டாம், அரிசித் துகள்கள் போனைக் கெடுக்கக்கூடும் என்பதால் ஆப்பிள் நிறுவனமே அதைச் செய்யாதீர்கள் என்கிறது. எச்சரிக்கையை அலட்சியம் செய்து ஈரத்தோடு சார்ஜ் போட்டால் மின்சாரம் வரும் தொடுபுள்ளிகள் அரித்துக் கறுத்துப்போகும். அதற்குப் பிறகு எந்தச் சுத்தமும் உதவாது. கடலோரத்து உப்புக் காற்றும் வியர்வையும் இதே அரிப்பைத்தான் மெதுவாகச் செய்கின்றன.

வயர்லெஸ் சார்ஜிங் உள்ள போன் என்றால், பின்பக்கத்தைத் துடைத்துவிட்டு இந்த ஒரு நாளை அதில் ஓட்டலாம். துளையே செத்துப்போன போனுக்கும் அது தற்காலிக வழிதான். சூடு அதிகம், வேகம் குறைவு, கம்ப்யூட்டரோடு கேபிள் வழியாக இணைக்கவும் முடியாது. இருபதாயிரத்துக்குக் கீழே உள்ள போன்களில் பெரும்பாலானவற்றில் இந்த வசதியே கிடையாது.

கடையா, சர்வீஸ் சென்டரா?

குச்சி பயனளிக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது வாரன்டி. அது உயிரோடு இருந்தால் சர்வீஸ் சென்டரைத் தவிர வேறு எங்கும் போனைத் திறக்க விடாதீர்கள். வெளியே திறந்தால் வாரன்டியை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். தண்ணீர் புகாத முத்திரையும் திறந்ததும் போய்விடும். சர்வீஸ் சென்டரில் அசல் பாகம் கிடைக்கும், ஆனால் நாள் ஆகும், போனில் உள்ளதை மொத்தமாக அழித்துத்தான் தருவோம் என்று சொல்லவும் வாய்ப்புண்டு.

வாரன்டி முடிந்த போனுக்கு நம்பிக்கையான தெருமுனைக் கடையே மேல். போன உடனே ‘பின் மாத்திக் குடுங்க’ என்று கேட்காதீர்கள், கேட்டால் மாற்றித்தான் கொடுப்பார்கள். ‘கிளீன் பண்ணிப் பாருங்கண்ணே’ என்று கேளுங்கள். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்து, பிரஷும் ஆல்கஹாலும் கொண்டு கண்ணெதிரே ஐந்து நிமிடத்தில் முடிக்கிற வேலை அது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பல ஆண்ட்ராய்டு போன்களில் சார்ஜிங் துளை தனியாக ஒரு சிறு போர்டில் இருக்கிறது. கடைக்காரர்கள் சிசி போர்டு என்பார்கள். பட்ஜெட் போன்களுக்கு இது சில நூறு ரூபாயில் முடிகிற விஷயம். மெயின் போர்டிலேயே துளை பற்றவைக்கப்பட்ட போன் என்றால் செலவும் ஆபத்தும் கூடும், கை தேர்ந்தவர் வேண்டும். சென்னையில் ரிச்சி தெரு போன்ற இடங்களுக்குப் போகலாம்.

மாற்றியதும் சார்ஜ் ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் காசு கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சிறு போர்டில்தான் பெரும்பாலும் பேசும் மைக்கும் இருக்கிறது, ஆன்டெனா வயரும் வந்து சேர்கிறது. கடையிலேயே ஒரு போன் போட்டுப் பேசிப் பாருங்கள். சிக்னல் கோடு குறைந்திருக்கிறதா, முன்பு காட்டிய பாஸ்ட் சார்ஜிங் இப்போதும் காட்டுகிறதா என்று பாருங்கள். போலிப் போர்டுகள் சறுக்குவது இந்த மூன்றில்தான். கழற்றிய பழைய போர்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போனை விட்டுவிட்டு வர வேண்டியிருந்தால், சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோட், பிக்சலில் ரிப்பேர் மோட் உண்டு. அதைப் போட்டுவிட்டால் உங்கள் போட்டோவும் மெசேஜும் கடைக்காரர் கண்ணில் படாது. அந்த வசதி இல்லாத போன் என்றால் எதிரே உட்கார்ந்து வேலை முடித்து வாங்கி வருவதே நல்லது.