தவணைக்கு முதலே லோயரைப் பார், தங்கச்சி

தங்கச்சி, வீட்டுக்கு அழைப்பாணை வந்தால் முதல் வேலையாக அதிலுள்ள வழக்கு இலக்கத்தையும் திகதியையும் போனில் படமெடுத்து வை. வாவியில் தங்கூசி வலையோடு பிடிபட்டதோ, அனுமதிப்பத்திரம் இல்லாமல் மண் ஏற்றியதோ, வேலிச் சண்டையில் கைநீட்டியதோ, எதுவானாலும் நம்ம ஆக்கள் செய்வது ஒன்றுதான். தவணை நாள் மட்டும் வாய்திறக்காமல் இருந்துவிட்டு, முதல்நாள் பின்னேரம் தோட்டை அடகு வைத்துக்கொண்டு லோயர் தேடி ஓடுவார்கள். அந்த ஓட்டம் வேண்டாம். வசதியில்லாதவருக்குக் காசு வாங்காமல் வழக்குப் பேசத்தான் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழுவை அமைத்தார்கள். மட்டக்களப்பிலும் அதன் நிலையம் இருக்கிறது. போய்க் கேட்க வெட்கப்படாதே. நீதி நலனுக்குத் தேவையான வழக்கில், காசில்லாதவருக்கு இலவசமாகச் சட்ட உதவி கிடைக்க வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டமும் சொல்கிறது.

வழக்கு நாளன்று சட்ட உதவி நிலையத்தில் போய் நின்றால் அவர்களாலும் பெரிதாக ஒன்றும் செய்ய ஏலாது. ஒரு கிழமையாவது முந்திப் போ. மண்டூர்ப் பக்கமிருந்து பாதை ஏறிக் குருமண்வெளிக்கு வந்து பஸ் பிடிக்கிறவர்கள் வெள்ளனவே வெளிக்கிடுங்கள். கொக்கட்டிச்சோலைப் பக்கத்தாருக்கு 2014இல் மண்முனைப் பாலம் வந்த பிறகு இந்தப் பயணம் லேசு.

உதவி தருவதற்கு முன் வருமானம் பார்ப்பார்கள். அதற்குக் கிராம உத்தியோகத்தரின் கடிதம் வேண்டும். அவர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்கமாட்டார், நாளைக் கேட்டுக்கொண்டு போ. வதிவிடமும் குடும்ப வருமானமும் கடிதத்தில் தெளிவாக இருக்கட்டும். அஸ்வெசும எடுக்கிற குடும்பம் என்றால் அதற்கான ஆதாரத்தையும், அடையாள அட்டை, அழைப்பாணை இரண்டின் போட்டோப் பிரதிகளையும் ஒரே பைலில் போடு.

இனி நான் சொல்வதுதான் முக்கியம். கொப்பியில் ஒரு பக்கம் கிழித்து நடந்ததை எழுது. எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், யார் பிடித்தது, பொலிஸில் எப்போது வாக்குமூலம் எடுத்தார்கள், எந்த மொழியில் எழுதினார்கள், வாசித்துக் காட்டினார்களா, பக்கத்தில் நின்று பார்த்தது யார். உனக்குப் பாதகமானதையும் மறைக்காதே. வலை உன் மனிசனுடையதுதான் என்றால் அதையும் எழுது. லோயர் கையில் அன்றைக்கு ஒரு கட்டு பைல் இருக்கும். நீ அழுது அழுது ஆதியிலிருந்து சொல்லத் தொடங்கினால் அவருக்கு வேண்டியது வருவதற்குள் வழக்கைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்த ஒரு பக்கம் இருந்தால் ஒரு நிமிசத்தில் விசயத்தைப் பிடித்துவிடுவார்.

“குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டத்தைக் கட்டிவிட்டு வா, அலுவல் முடிந்தது” என்று ஊரில் பத்துப் பேர் சொல்வார்கள். சட்டத்தரணியோடு பேசாமல் அதைச் செய்யவே கூடாது. நாளைக்குக் கட்டாருக்கோ குவைத்துக்கோ போக வெளிக்கிட்டு பொலிஸ் ரிப்போட் எடுக்கிற நேரம்தான் அந்தக் குற்றத்தீர்ப்பு முன்னால் வந்து நிற்கும். ஒத்துக்கொள்வதுதான் நல்லது என்று லோயரே சொன்னால் அது வேறு கதை. அப்போதும் தண்டத்தை ஒரேயடியாகக் கட்ட ஏலாவிட்டால் தவணையில் கட்ட அனுமதி கேட்கச் சொல்.

ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களா? பிடியாணை இல்லாமல் பிடித்தவரைச் சாதாரண வழக்கில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். பொலிஸ் நிலையத்துக்கே சட்டத்தரணி போய் உங்களுக்காகப் பேசலாம், 2012இல் அதற்கு விதி வந்துவிட்டது. விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று ஆளிடம் சொல்லு. அடித்திருந்தால், காயத்தை நீதவானிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம். ஆனால் பிணை கிடைத்தும் கையெழுத்து வைக்க ஆளில்லாமல் விளக்கமறியலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அதை நினைக்கத்தான் எனக்கு ஆற்றாமை. சொந்தத்தில் இரண்டு பேரை முதலே கேட்டு வை, அவர்களும் அடையாள அட்டையும் கிராம உத்தியோகத்தர் கடிதமும் கொண்டுவரட்டும். கோட் வாசலில் காசுக்குப் பிணை நிற்க வருகிற ஆக்களை அண்டாதே. ஆள் உள்ளே இருந்தாலும் சட்ட உதவி கேட்டு நீ போகலாம், அவர் வெளியே வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் சட்டத்தரணி இல்லை என்று அங்கே சொல்ல வேண்டும், நீதிமன்றமே ஒருவரை நியமித்துத் தரும். களுவாஞ்சிகுடியோ வாழைச்சேனையோ, நீதவான் நீதிமன்றத்தில் அதை நம்பி இருக்காதே, ஆணைக்குழுவுக்கு நீயாகப் போகத்தான் வேண்டும்.

தவணை முடிந்து வெளியே வந்ததும் அடுத்த திகதியை லோயரிடமே கேட்டு எழுது. கூண்டில் நின்றவருக்குப் பதற்றத்தில் சரியாகக் கேட்டிருக்காது. ஒரு தவணைக்கு வராமல் விட்டால் பிடியாணை போடுவார்கள், பிறகு பிணை கேட்கிற நேரம் அதையே காட்டி மறுப்பார்கள்.