இடையிசையைக் கேள், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

 

போன வாரம் போனில், "பழைய பாட்டுல நல்லதா ஒரு இருபது அனுப்புங்க பெரியப்பா, ராத்திரி தூங்கறப்ப கேட்டுக்கறேன்" என்றாய். அனுப்புகிறேன். ஆனால் நீ லேப்டாப்பில் சொந்தமாக மெட்டுப் போடுகிறவள். அப்படிப்பட்டவள் அந்தப் பாட்டுகளைத் தூக்கத்துக்கு வைத்துக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை. விழித்திருந்து கேள். வரிகளையும் குரலையும் நீ எப்படியும் கேட்பாய். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வருகிற இடையிசையைக் கேள். அதை உருவாக்கியவர்களின் பெயர்களைத் தெரிந்துகொள். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

எனக்குப் பிடித்த எல்லோரையும் பற்றி எழுத ஒரு கடிதம் போதாது. இசையமைப்பாளர் இரட்டையர் விஸ்வநாதன்–ராமமூர்த்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். இரண்டு பேரும் இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமனிடம் உதவியாளர்களாக இருந்தவர்கள். ராமமூர்த்தி திருச்சிக்காரர், வயலின். விஸ்வநாதன் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பிறந்து, ஜூபிடர் பிக்சர்ஸில் ஆபீஸ் பையனாக எடுபிடி வேலை பார்த்து, ஆர்மோனியத்தோடு மேலே வந்தவர். 1952இல் சுப்பராமன் திடீரென்று இறந்துபோனார். அவர் பாதியில் விட்ட 'தேவதாஸ்' வேலையை இவர்கள் முடித்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டு என்.எஸ்.கிருஷ்ணனின் 'பணம்' படத்தில் இருவர் பெயரும் சேர்ந்து வந்தது. ராமமூர்த்தி 1922இல் பிறந்தவர், விஸ்வநாதன் 1928இல். ஆறு வயது மூத்தவர் தன் பெயர் இரண்டாவதாக வரச் சம்மதித்து 1965 வரை அப்படியே இருந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் ஒரு பாட்டு, ஒலிப்பதிவுக் கூடத்திலேயே நடப்பதாக எடுத்திருப்பார்கள். வாலி எழுதியது. நாகேஷ் ஆடிக்கொண்டிருப்பார், நீ அவரைப் பார்க்காதே. விஸ்வநாதன் கையை வீசி வாத்தியக்குழுவை நடத்துவார், டி.எம்.சௌந்தரராஜன் மைக் முன்னால் நின்று பாடுவார். வாத்தியக்காரர்களின் கைகளைப் பார். சினிமாப் பாட்டைச் செய்த ஆட்களை இவ்வளவு நேரம் நம் ஆட்கள் திரையில் காட்டியது அபூர்வம்.

அந்தக் காலத்தில் உனக்கிருக்கிற வசதி எதுவும் கிடையாது. நீ டிரம்ஸை இன்றைக்குப் போட்டு, கிடாரை நாளைக்குச் சேர்த்து, பிசகினால் அந்த ஒரு இடத்தை மட்டும் வெட்டித் திருத்துவாய். அவர்களுக்கு ஒரே டிராக். பாடகரும் வாத்தியங்களும் சேர்ந்து ஒரே நேரத்தில் பாடி வாசிக்க வேண்டும். கடைசிச் சரணத்தில் ஒரு வயலின் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து மறுபடி. எந்த வாத்தியம் ஓங்கி ஒலிக்க வேண்டும் என்பதை அது மைக்கிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை வைத்தே பெரும்பாலும் தீர்மானித்தார்கள். போதாக்குறைக்கு 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும். ஓர் இடையிசைக்குச் சில வினாடிகள்தான் கிடைக்கும். அதற்குள் கதை நடக்கிற இடத்தையும் பாடுகிறவளின் மனநிலையையும் சொல்லி, சரணத்தின் முதல் சுரத்தில் பாடகரைச் சரியாகக் கொண்டுவந்து விட வேண்டும். ஒரு வினாடி கூட வீணாகாமல் அதைச் செய்தார்கள், பாப்பா.

'ஆலயமணி' (1962) படத்தில் டி.எம்.எஸ். பாடும் ஒரு காதல் பாட்டில் எல்.ஆர்.ஈஸ்வரி உண்டு. அவருக்கு ஒரு சொல்கூடக் கிடையாது, ஹம்மிங் மட்டும். கண்ணதாசன் எழுதிய வரிகளை டி.எம்.எஸ். கம்பீரமாகப் பாடிக்கொண்டு போக, ஈஸ்வரி இடையிடையே வெறும் குரலாக வந்து போவார். ஹெட்போனில் அந்தக் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பார். ஒரு பெண்ணின் சம்மதம், வெட்கம், கொஞ்சம் குறும்பு எல்லாம் அதில் இருக்கும். நான் எத்தனையோ வருடமாகக் கேட்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

'புதிய பறவை' (1964) படத்தில் சிவாஜி நிம்மதி தேடிப் பாடுகிற பாட்டு இதற்கு நேர் எதிர். வயலின்களும் கோரஸும் கூட்டமாக வந்து அந்த மனிதனை மூச்சுவிட விடாமல் சூழ்ந்துகொள்ளும். அவன் மனச்சாட்சி துரத்துகிறது என்பதை வசனம் எதுவும் இல்லாமலே வயலின்கள் சொல்லிவிடுகின்றன. அதே ஆண்டு 'கர்ணன்' படத்துக்கு வடக்கத்தி ராகங்களையும் ஷெனாய் போன்ற வாத்தியங்களையும் கொண்டுவந்தார்கள். 'காதலிக்க நேரமில்லை'க்கு மேற்கத்தியத் துள்ளல். இத்தனையும் ஒரே வருடத்தில், அதே இரண்டு பேர்!

இரண்டு பேர் என்று சொல்வதும் நியாயமில்லை. அக்கார்டியன் மங்களமூர்த்தி, கிடார் பிலிப்ஸ், டிரம்ஸ் நோயல் கிராண்ட், புல்லாங்குழல் நஞ்சப்பா, பறவையும் மிருகமுமாகத் தொண்டையாலேயே குரல் எழுப்பிய சதன். இசைத்தட்டின் லேபிளில் இவர்கள் பெயர் இருக்காது. எங்கள் காலத்தில் பாட்டுக்குப் பின்னால் இருந்தவர்களின் பெயர்களுக்கு வானொலிதான் பள்ளிக்கூடம். 1952க்குப் பிறகு அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஓரம் கட்டியபோது, நாகப்பட்டினம் பக்கத்து வீடுகளில் எல்லாம் இலங்கை வானொலிதான். மயில்வாகனனும் பிறகு வந்த கே.எஸ்.ராஜாவும் அப்துல் ஹமீதும் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். அந்த மரியாதையை இப்போது பாட்டு கேட்கிற செயலிகளில் காணோம். படத்துப் போஸ்டரும் கதாநாயகன் முகமும்தான் முன்னால் நிற்கின்றன. நீயே தேடிக் குறித்துக்கொள்.

இன்னொன்று. பழைய பாட்டில் புதுத் தாளத்தை ஏற்றி விற்கும் பதிப்புகளைக் கேட்காதே. மேலே விழுகிற அந்த அடியில் பாங்கோஸின் விரல் சத்தம் செத்துப்போகிறது.

பாட்டு மனிதனுக்கு என்ன செய்யும் என்று நீ ஒரு நாள் கேட்டாய். வாலி, வாய்ப்புக் கிடைக்காமல் சென்னையை விட்டுக் கிளம்பிவிட முடிவு செய்திருந்த சமயத்தில், 'சுமைதாங்கி' (1962) படத்துக்குத் தான் பாடிய பாட்டை பி.பி.ஸ்ரீனிவாஸ் அவருக்குப் பாடிக் காட்டினார். அதைக் கேட்டு வாலி பெட்டியைத் திரும்பக் கீழே வைத்தார். இதை வாலியே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். எழுதியது கண்ணதாசன், மெட்டு நம் இரட்டையர். அந்த வாலிதான் அடுத்த சில வருடங்களில் கண்ணதாசனுக்குச் சமமாக நின்றார்.

'ஆயிரத்தில் ஒருவன்' (1965) படத்தோடு இருவரும் பிரிந்தார்கள். ஏன் என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு, அதில் எனக்கு ஆர்வமில்லை. விஸ்வநாதன் தனியாகவும் மலைக்கும்படி செய்தார். உனக்குப் பிடித்த இளையராஜாவும் அவரும் 1986இல் 'மெல்லத் திறந்தது கதவு' படத்தில் சேர்ந்தார்கள். அங்கிருந்து தொடங்கினால் உனக்கு வழி சுலபம். யார் பெரியவர் என்ற சண்டைக்குள் மட்டும் போகாதே. உன் நேரத்துக்குக் கேடு.

பட்டியல் தனியாக வாட்ஸ்அப்பில் வரும். அதில் முதலாவது 'ஆலயமணி' பாட்டு. பொங்கலுக்கு வரும்போது, அதன் இரண்டு இடையிசைகளிலும் எந்தெந்த வாத்தியம் எந்த வரிசையில் வருகிறது என்று எழுதிக்கொண்டு வா. நானும் என் பங்குக்கு எழுதி வைக்கிறேன். ஒத்துப்போகாத இடங்களில் உட்கார்ந்து மறுபடி கேட்போம்.

அன்புடன்,
பெரியப்பா