மாத்திரை முடியும்வரை ஓடாதே

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நேற்று உன் அம்மாவிடம் பேசினேன். உனக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் விட்டுவிட்டது, நாளை விடியற்காலையில் இருந்து மறுபடி கடற்கரைக்கு ஓடப் போகிறாய் என்று சந்தோஷமாகச் சொன்னாள். என்ன மாத்திரை என்று கேட்டேன். அட்டையைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்: ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்தது. சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் கேட்டு வாங்கியிருக்கிறாய். இன்னும் இரண்டு நாளைக்கு இருக்கிறதாம். போனில் சொன்னால் "சரி மாமா" என்று சொல்லிவிட்டு ஓடப் போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். உன்னோடு ஓடுகிற பையன்களுக்கும் இதைப் படித்துக் காட்டு.

அரசு மருத்துவமனை மருந்தகத்தில் இருந்தே ஓய்வு பெற்றவன் நான். மருந்தைப் பழிக்க மாட்டேன். சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் எல்லாம் ஒரே குடும்பம். உயிரைக் காப்பாற்றுகிற மருந்துகள். ஆனால் ஓடுகிறவனுக்கு இந்தக் குடும்பத்தால் ஒரு தனி ஆபத்து உண்டு. குதிகாலுக்கு மேலே, விரலால் பிடித்தால் வலைக்கயிறு மாதிரித் தட்டுப்படுகிறதே, கெண்டைக்காலையும் குதிகாலையும் இணைக்கிற அந்தத் தசைநாணை இது பலவீனப்படுத்தக்கூடும். சிலருக்கு வீக்கமும் வலியும் வரும். மிகச் சிலருக்கு அறுந்தே போகும்.

இது யாரோ கிளப்பிவிட்ட பயம் இல்லை. 1983-லேயே நியூசிலாந்து மருத்துவர்கள் நார்ஃப்ளாக்சசின் சாப்பிட்டவருக்குத் தசைநாண் பாதித்ததைப் பதிவு செய்தார்கள். 2008-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த மருந்துகளின் குறிப்பேட்டில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட வைத்தது. அங்கே மருந்துக்குக் கொடுக்கிற ஆகக் கடுமையான எச்சரிக்கை அதுதான். 2016-ல் அதை இன்னும் இறுக்கி, சாதாரண நீர்க்கடுப்புக்கும் சைனஸுக்கும் வேறு மருந்து இருக்கும்போது இதைக் கொடுக்க வேண்டாம் என்றார்கள். 2018-ல் ஐரோப்பாவும் கட்டுப்படுத்தியது. 2024 ஜனவரியில் பிரிட்டன், வேறு எந்த ஆன்டிபயாடிக்கும் பொருந்தாதபோது மட்டுமே இதை எழுதலாம் என்றது. நம் ஊரிலோ வயிறு சரியில்லை என்றாலே கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆற மாட்டேன் என்கிறது.

ஏன் தசைநாண் என்று கேட்பாய். தசையைப் போல அதற்கு ரத்த ஓட்டம் தாராளமாகக் கிடையாது. குதிகாலுக்குச் சில சென்டிமீட்டர் மேலே இருக்கிற பகுதிக்கு இன்னும் குறைவு. நாம் ஓடும்போது அதன் இழைகளில் சின்னச் சின்னச் சேதம் ஆகிக்கொண்டே இருக்கும். ஓய்வில் அங்குள்ள செல்கள் கொலாஜன் என்ற புரதத்தை உண்டாக்கிச் சரிசெய்யும். இந்த மருந்து அந்தச் செல்களையே தாக்குகிறது, புதுக் கொலாஜன் உருவாவதைக் குறைக்கிறது, பழையதை அரிக்கிற நொதிகளைக் கூட்டுகிறது, மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்கிறது என்று ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். ஆக, பழுதுபார்ப்பு மந்தமாக இருக்கிற நேரத்தில் நீ போய்ச் சுமையைக் கூட்டுகிறாய்.

உன் சுமை என்ன என்று எனக்குத் தெரியும். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாய். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதைத் தாண்டினால் கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். தாண்டும்போது எம்பி எழுகிற விசை குதிகால் தசைநாணில் பலமாக விழும். கயிறு ஏறுவது தோளுக்கும் மேற்கைக்கும் சுமை; அங்குள்ள தசைநாண்களையும் இந்த மருந்து விட்டுவைப்பதில்லை. போதாததற்கு நீ ஓடுவது வாலிநோக்கம் கடற்கரை மணலில். இளமணலில் குதிகால் புதைய, தசைநாண் வழக்கத்தைவிட அதிகம் இழுபடும். மணலில் ஓடினால் கால் உறுதிப்படும் என்பது நல்ல உடம்புக்குச் சரி. இந்த வாரம் உனக்கு அது பொருந்தாது.

ஆகவே மாத்திரை முடியும்வரை ஓட்டம், தாண்டுதல், கயிறு மூன்றையும் நிறுத்து. கெட்டியான தரையில் மெதுவாக நடக்கலாம், அதுவும் வலி இல்லாவிட்டால். முடிந்த மறுநாளே பழைய வேகத்துக்குப் போகாதே. தொல்லை மாத்திரை தொடங்கிய இரண்டு நாளுக்குள்ளும் வரலாம், நிறுத்திப் பல மாதம் கழித்தும் வரலாம். முதல் வாரம் நடை, பிறகு தார்ச்சாலை ஓரத்தில் மெது ஓட்டம், வலியே இல்லை என்றால் அதற்கடுத்த வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வேகம், கடைசியில் மணலும் தாண்டுதலும். தேதி நெருங்குகிறதே என்று உனக்குத் தவிப்பாக இருக்கும். சில வாரம் விட்டால் குறைகிற மூச்சு திரும்பி வரும். அறுந்த தசைநாண் கூடி மறுபடி ஓட மாதக் கணக்காகும், சிலருக்கு ஒரு வருடமும் ஆகும்.

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலுக்கு மேலே வலித்தாலோ, விறைத்தாலோ, வீங்கினாலோ அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவரைப் பார். பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் வரும் என்பதால் மற்றக் காலையும் தொட்டுப் பார். பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலப் 'பட்'டென்று விழுந்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் 108-க்குச் சொல்லி ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போ, எலும்பு மருத்துவர் பார்க்கட்டும். எண்ணெய் போட்டு உருவி விடுகிறேன் என்று யார் வந்தாலும் காலைக் கொடுக்காதே.

இன்னொன்று. காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டாயா? அந்த ஊசியில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு சேர்த்திருந்தால் தசைநாண் ஆபத்து இன்னும் கூடும். என்ன ஊசி என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதும் கூடாது. வலிதான் உனக்கு வருகிற முக்கியமான எச்சரிக்கை, அதையும் அடக்கிவிட்டால் எதை வைத்துத் தெரிந்துகொள்வாய்?

உப்பளத்துப் பக்கம் உச்சி வெயிலில் போகாதே. இந்த மருந்தால் தோல் வெயிலுக்குச் சட்டென்று கருகும். தண்ணீர் நிறையக் குடி. மீந்த மாத்திரையை அம்மாச்சிக்குக் கொடுத்துவிடாதீர்கள். அறுபது தாண்டியவர்களுக்குத்தான் தசைநாண் ஆபத்து அதிகம். அவளுக்குச் சர்க்கரை வேறு. இந்த மருந்து சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடவும் கூடும்.

நியாயமாகப் பார்த்தால் உனக்கு இந்த மாத்திரையே தேவைப்படாமல் இருந்திருக்கலாம். தண்ணீராகப் போகிற வயிற்றுப்போக்கில் பெரும்பாலானவை ஓ.ஆர்.எஸ். கரைசலிலேயே சரியாகிவிடும். ரத்தம் போனால், காய்ச்சல் ஏறினால் மருத்துவர். அப்படியே ஆன்டிபயாடிக் வேண்டுமென்றாலும் "நான் ஓட்டப் பயிற்சியில் இருக்கிறேன், வேறு மருந்து உண்டா" என்று நீயாகச் சொல்லிக் கேள். அட்டையின் முதுகில் சிவப்புக் கோடு போட்டிருந்தால் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று அர்த்தம்.

உன் கூட்டாளிகள் யார் வீட்டிலாவது மருந்துக்கு மசியாத காசநோய்க்கு லிவோஃப்ளாக்சசின் மாதக் கணக்கில் சாப்பிடுகிறவர் இருந்தால், இந்தக் கடிதத்தைக் காட்டி அவரைப் பயமுறுத்தாதே. அவர் அந்த மருந்தைத் தானாக நிறுத்தவே கூடாது. குதிகாலில் வலி வந்தால் அன்றைக்கே தன் மருத்துவரிடம் சொன்னால் போதும், மாற்றுவதா தொடர்வதா என்று அவர் பார்த்துக்கொள்வார்.

நீ காக்கிச் சட்டை போட்டு நிற்பதைப் பார்க்க உன் அம்மாவைவிட எனக்கு ஆசை அதிகம். அதனால் கேட்கிறேன்: நாளை காலை ஓடப் போகாதே. ஆரம்ப சுகாதார நிலையம் திறந்ததும் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய், மீதி இரண்டு நாளைக்கு இதைச் சாப்பிடத்தான் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேள். அவர் என்ன சொன்னார் என்று மத்தியானத்துக்குள் எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
மாமா